குளத்து நீரை இறைப்பதா, குறைப்பதா, அப்படியே மூடுவதா?

ஒக்டோபர் பிறந்ததும் ரொறன்ரோவில் பின்வளவில் நீச்சல்குளம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். நிலத்தைத் தோண்டிக் கட்டிய குளத்தைச் சொல்லவில்லை. தகரச் சுவரும் உள்ளே வினைல் விரிப்புமாக நிலத்துக்கு மேலே நிற்கும் நாலடிக் குளத்தைச் சொல்கிறேன். அதைப் பனிக்காலத்துக்கு ஒடுக்கி வைக்க மூன்று வழிகள் இருக்கின்றன.

முழுவதும் இறைத்துவிடுவதுதான் முதலில் தோன்றும். தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும், சுவர் வெடிக்கும், ஆகவே தண்ணீரே வேண்டாம் என்று நினைப்போம். ஆனால் திறந்த குளத்தில் பனிக்கட்டி மேலிருந்து கட்டுகிறது. பருப்பதற்கு மேலே வேண்டிய இடம் இருக்கிறது. உடைவதெல்லாம் தண்ணீர் அடைபட்டு நிற்கும் சிறிய இடங்கள்: ஸ்கிம்மர் பெட்டி (சுவரின் மேற்பகுதியில் வாய் திறந்து, நீரின் மேல் மிதக்கும் குப்பையை இழுத்துக்கொள்ளும் பெட்டி), பம்ப், வடிகட்டி, குழாய்கள். குளத்துக்குத் தண்ணீர் பலமே தவிரப் பகை அல்ல. 18 அடி விட்டமுள்ள வட்டக் குளத்தில் ஏறத்தாழ 25,000 லீற்றர், அதாவது 25 தொன் தண்ணீர் நிற்கிறது. மெல்லிய தகரத்தைக் காற்றுக்கு அசையாமல் பிடித்திருப்பது அந்தப் பாரம்தான்.

முதல் ஆண்டு நானும் இறைத்தேன். ஏப்ரலில் போய்ப் பார்த்தபோது, சுவரும் தரையும் சேரும் இடத்தில் விரிப்பு சுருங்கி, மேளத்தோல் போல இழுபட்டு நின்றது. விரலால் அழுத்தினால் பின்னால் வெறும் இடைவெளி. புதுத் தண்ணீர் ஓரடி ஏறுவதற்குள் அங்கே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. அன்று முதல் யார் கேட்டாலும் இறைக்காதீர்கள் என்றே சொல்கிறேன். குளோரின் கலந்த தண்ணீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் விடவும் இங்கே அனுமதி இல்லை. அது ஓடைகள் வழியாக ஏரிக்குப் போய்ச் சேரும்.

இரண்டாவது, ஸ்கிம்மர் வாய்க்குச் சில அங்குலம் கீழே வரை நீர்மட்டத்தைக் குறைத்து, தண்ணீர் திரும்பி வரும் துளையை ரப்பர் அடைப்பானால் மூடுவது. செலவு குறைவு, பலரும் செய்வது. ஆனால் நீர்மட்டம் இறங்கினால் மேல்மூடி தாங்கலில்லாமல் தொய்கிறது. பனி விழ விழ அதன் பாரம் சுவரின் மேல்விளிம்பை உள்ளே இழுக்கிறது. வலைத்துணி மூடியாக இருந்தால் மழையும் உருகிய பனியும் உள்ளே இறங்கி, மட்டம் மறுபடியும் ஸ்கிம்மர் வாய்க்கு ஏறிவிடும். ஜனவரிக் குளிரில் குழாயோடு வெளியே நிற்க வேண்டியிருக்கும். இந்த வழியில் போகிறவர்கள் நீர் புகாத மூடியையே வாங்க வேண்டும்.

மூன்றாவதுதான் என் தேர்வு. ஸ்கிம்மர் வாயைச் சுற்றி ஒரு சட்டத்தை ஒருமுறை பொருத்திவிட்டால், ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அதன் மேல் பிளாஸ்டிக் மூடியை அழுத்தி மாட்டி, தண்ணீர் திரும்பி வரும் துளையையும் முன் சொன்னபடி அடைத்தால் போதும். நீர்மட்டம் கோடையில் இருந்தபடியே நிற்கும். மேல்மூடி தண்ணீரிலும் பிறகு பனிக்கட்டியிலும் படுத்துக்கொள்ளும். பனியின் பாரத்தைப் பனிக்கட்டியே தாங்கும். மே மாதத்தில் நிரப்பவும் அதிகம் இருக்காது.

குறை ஒன்றுதான்: ஸ்கிம்மர் வாயில் மாட்டும் மூடி பழையதானால் கசியலாம். அதனால் ஸ்கிம்மருக்கு அடியிலுள்ள குழாயைக் கழற்றித் துளையைத் திறந்தே வைக்க வேண்டும். மூடியை மாட்டி ஒரு மணி நேரம் கழித்து அந்தத் துளைக்குக் கீழே கையை நீட்டிப் பார்க்கிறேன். இடைவிட்டுச் சொட்டினால் பயமில்லை, கீழே விழுந்துவிடும். நூல்போல ஓடினால் மூடியை மாற்றுகிறேன். புதிது கிடைக்காத ஆண்டில் இரண்டாவது வழிக்கே போய்விடுவேன்.

நடுவில் மிதக்க விடும் காற்றுத் தலையணை பனியைத் தாங்குவதற்கென்று பலர் நினைக்கிறார்கள். பனிக்கட்டி பருக்கும்போது சுவரை நெருக்காமல் தலையணையை நெருக்கட்டும் என்பதே அதன் வேலை. ஆகவே முழுதாக ஊதக்கூடாது. அமுங்க இடம் வேண்டும்.

எந்த வழியானாலும் பம்பையும் வடிகட்டியையும் ஒரு சொட்டில்லாமல் வடித்தாக வேண்டும். கழற்றிய திருகு அடைப்பான்களைப் பம்பின் கூடைக்குள்ளேயே போட்டு, பம்பை நிலவறையில் வைத்துவிடுங்கள். மே மாதம் தேட வேண்டியிருக்காது.