சம்பளத்தில் வெட்டுகிற ஈபிஎப் காசு கணக்குக்குப் போகிறதா? யாழ்ப்பாணத்தில் கடை வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை

யாழ்ப்பாண நகரில் ஒரு உடுப்புக் கடை. இரண்டு மாடி, ஏசி, பண்டிகை நாட்களில் வாசலில் சனம் தள்ளும். அங்கே விற்பனைப் பகுதியில் நின்ற ஒரு பெண்ணின் சம்பளச் சிட்டையில் மாதாமாதம் ஈபிஎப், அதாவது ஊழியர் சேமலாப நிதி, 8% என்று ஒரு வரி இருந்தது, காசும் வெட்டுப்பட்டது. கலியாணத்துக்காக வேலையை விட்டுவிட்டு அந்தப் பணத்தை எடுக்கப் போனபோதுதான் விசயம் வெளியில் வந்தது. கணக்கில் விழுந்திருந்தது முதல் நான்கு மாதக் காசு மட்டும். அதற்குப் பிறகு வெட்டினதெல்லாம் கடையிலேயே நின்றுவிட்டது. கூட வேலை செய்த பிள்ளைகளும் போய்ப் பார்த்தார்கள். சிலருக்கு உறுப்பினர் இலக்கமே எடுக்கப்படவில்லை.

கடையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு கடையைத்தான் விலத்துவீர்கள், இதே வேலையைச் செய்கிற பாமசி, ஹாட்வெயார், ரியூசன் நிலையம், சாப்பாட்டுக் கடை எல்லாம் தப்பிவிடும். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் எந்த வாசலிலும் கண்டுபிடிக்கலாம்.

எல்லாம் தொடங்குவது முதல் நாள் பேச்சில். "பிள்ளை, முதல் மூன்று மாசம் பழகு. பிறகு கடிதம் தாறம், ஈபிஎப்பும் அப்ப பாப்பம்" என்பார்கள். கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் பழகுகிற காலம் என்று ஒரு விலக்கு கிடையாது. தற்காலிகம், தகுதிகாண் காலம், நாட்சம்பளம், விற்ற அளவுக்குத் தரகு, எதுவாக இருந்தாலும் முதல் நாளிலிருந்தே பங்களிப்புக் கட்ட வேண்டும். ஊழியரின் சம்பளத்தில் 8%, முதலாளி தன் கையிலிருந்து 12%. இதற்கு மேலே 1980 இன் 46 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு, அதாவது ஈரிஎப்புக்கு, 3%. அந்த 3 வீதத்தில் ஒரு சதம்கூட ஊழியரிடம் வெட்டக்கூடாது.

கணக்கைப் பாருங்கள். 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அந்தச் சம்பளத்துக்கு உங்களிடம் வெட்டுவது 2,400. முதலாளி போடவேண்டியது 3,600. ஈரிஎப் 900. மாதம் 6,900 ரூபா உங்கள் பெயரில் போக வேண்டும். ஒரு வருடத்துக்கு 82,800. பத்துப் பிள்ளைகள் நிற்கிற கடையில் இதைக் கட்டாமல் விட்டால் முதலாளிக்கு வருடம் எட்டு இலட்சத்துக்கு மேல் மிச்சம். மறதியால் நடக்கிற பிழை என்று சொல்லி வந்தால் நம்பாதீர்கள்.

முழுக்கக் கட்டாமல் விடுவது ஒரு வகை. பிடிபடாமல் குறைத்துக் கட்டுவது இன்னொரு வகை, இதுதான் இப்போது கூட. 30,000 சம்பளத்தை அடிப்படை 12,000, படி 18,000 என்று சிட்டையில் பிரித்து எழுதி, 12,000 ரூபாவுக்கு மட்டும் ஈபிஎப் கட்டுவார்கள். கையில் வருகிற காசு கொஞ்சம் கூடுவதால் பிள்ளைகளும் சந்தோசப்படுவார்கள். ஆனால் வாழ்க்கைச் செலவுப் படி, சாப்பாட்டுப் படி, தரகு எல்லாம் ஈபிஎப் கணக்கில் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. அந்த 18,000 ரூபாவுக்கு முதலாளி போடாமல் விட்ட 12% மாதம் 2,160, ஈரிஎப் 540. வருடத்துக்கு 32,400. உங்கள் ஒரு மாதச் சம்பளத்திலும் கூடின காசு சத்தமில்லாமல் போகிறது.

இன்னும் சில இடங்களில் முதலாளியின் 12 வீதத்தையும் ஊழியர் தலையில் கட்டுகிறார்கள். "உனக்கு 30,000, அதுக்குள்ளதான் எல்லாம்" என்று சொல்லி 20% வெட்டுவது. இது நேரடிச் சட்டமீறல். முதலாளியின் பங்கை எந்த வழியிலும் ஊழியரின் சம்பளத்திலிருந்து எடுக்க முடியாது, நீங்கள் சம்மதித்தாலும் முடியாது.

சரி, கட்டுகிறார்களா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு மாதத்துக்கான பங்களிப்பு அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டப்பட வேண்டும். பிந்தினால் பிந்திய காலத்தைப் பொறுத்து 5% தொடக்கம் 50% வரை மிகைக்கட்டணம். ஆகவே வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம் முடிந்ததும் உங்கள் கணக்கில் ஏதாவது விழுந்திருக்க வேண்டும். அப்போது கடைக் கணக்காளரிடம் இரண்டு இலக்கம் கேளுங்கள்: கடையின் தொழில்தருநர் இலக்கம், உங்கள் உறுப்பினர் இலக்கம். பதிந்திருந்தால் இவை உடனே கையில் இருக்கும். "கொழும்பிலிருந்து வரவேணும்", "ஓடிற்றர் வைச்சிருக்கிறார்" என்று இழுத்தால் பதியவில்லை என்றே எடுங்கள். இலக்கம் கிடைத்தால் அடையாள அட்டையோடு தொழில் திணைக்கள அலுவலகத்தில் விசாரிக்கலாம். நிதியை வைத்திருப்பது மத்திய வங்கி, அங்கே உங்கள் கைத்தொலைபேசி இலக்கத்தைப் பதிந்துகொண்டால் கணக்கு விபரத்தை நீங்களே பார்க்கலாம். சிட்டையில் வெட்டின மாதத்தையும் கணக்கில் விழுந்த மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரின் எழுத்துகளும் அடையாள அட்டை இலக்கமும் சரியா என்றும் பாருங்கள். ஒரு இலக்கம் பிழைத்தால் காசு எடுக்கிற நேரம் மாதக் கணக்கில் அலைய வேண்டிவரும்.

முதலாளி மாதாமாதம் அனுப்புகிற சி படிவத்தில் ஒவ்வொரு ஊழியரின் பெயர், இலக்கம், சம்பளம், பங்களிப்பு எல்லாம் இருக்கும். விசாரணை என்று வந்தால் இதுதான் முதலில் மேசைக்கு வரும். உங்கள் பெயர் அதில் இல்லையென்றால், அந்தக் கடையில் நீங்கள் வேலையே செய்யவில்லை என்று சொல்ல அவர்களுக்கு வழி இருக்கிறது. ஆகவே நீங்கள் வேலை செய்ததற்குச் சாட்சியாக ஒரு கடதாசியும் உங்களிடம் இல்லாமல் பார்த்துக்கொள்வதில்தான் இப்படியான முதலாளிமாரின் கவனம் முழுக்க இருக்கும். நியமனக் கடிதம் இல்லை, சம்பளம் கையில், வரவுப் பதிவேடு மனேச்சரின் லாச்சியில். கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டப்படி, பதவி, சம்பளம், நியமனத்தின் தன்மை எல்லாவற்றையும் எழுதின கடிதம் வேலைக்குச் சேரும்போதே கொடுக்கப்பட வேண்டும்.

தராவிட்டால் நீங்களே சாட்சி சேருங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். கையில் தந்தால், அன்றைக்கே "இந்த மாதச் சம்பளம் இவ்வளவு கிடைத்தது" என்று மனேச்சருக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி வையுங்கள். லீவு கேட்ட செய்தி, நேரத்துக்கு வரச் சொன்ன செய்தி, வேலை செய்கிறவர்களின் குழுவில் உங்கள் பெயர் இருக்கிற படம், நீங்கள் போட்ட பில்லில் காசாளர் பெயர், கடைச் சேட்டும் பெயரட்டையும், எல்லாம் பயன்படும். ஒரு சின்னக் கொப்பியில் வந்த நேரமும் போன நேரமும் நாளுக்கு நாள் எழுதுங்கள். விசாரணை மேசையில் அந்தக் கொப்பிக்குப் பெறுமதி இருக்கிறது. தொலைபேசி உடைந்தால் எல்லாம் போய்விடும், ஆகவே வீட்டில் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

கையெழுத்து விசயத்தில் மிகவும் கவனம். சம்பளப் பதிவேட்டில் 30,000 என்று எழுதியிருக்கும், கையில் தருவது 22,000. முத்திரைக்கு மேலே கையெழுத்துப் போட்டவுடன் முழுக்காசும் எடுத்ததாக ஆகிவிடும். வங்கியில் 30,000 போட்டுவிட்டு 8,000 ரூபாவைத் திருப்பிக் காசாகத் தரச்சொல்கிற ஆக்களும் இருக்கிறார்கள். அப்படித் தரவேண்டி வந்தால் வங்கியிலிருந்து எடுத்த திகதியையும் தொகையையும் யாரிடம் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். வெறும் வவுச்சரில் கையெழுத்து வைக்கவே கூடாது. தொகையை எழுத்தால் நீங்களே எழுதிவிட்டுப் பிறகு வையுங்கள். இதிலும் மோசமானது, வேலைக்குச் சேரும் நாளிலேயே திகதி போடாத விலகல் கடிதம் ஒன்றில் கையெழுத்து வாங்குவது. நாளைக்கு உங்களை நிற்பாட்டினால் அதில் திகதியைப் போட்டு, தானாகத்தான் விலகினார் என்று காட்டுவார்கள். அப்படி ஒரு கடதாசியை நீட்டுகிற இடத்தில் எவ்வளவு சம்பளம் என்றாலும் இருக்காதீர்கள். ஏற்கெனவே வைத்துக் கொடுத்திருந்தால், அது எப்போது, எப்படி வாங்கப்பட்டது என்று ஒரு செய்தியை இப்போதே யாருக்காவது எழுதி அனுப்பி வையுங்கள். ஓஎல், ஏஎல் சான்றிதழ்களின் மூலப்பிரதியையும் கொடுக்க வேண்டாம். காட்டலாம், போட்டோப்பிரதி கொடுக்கலாம், அவ்வளவுதான். மூலப்பிரதியை வாங்கி வைக்கிறவர்கள் பிள்ளை இடையில் விட்டுவிட்டுப் போகாமல் இருப்பதற்காகத்தான் வாங்குகிறார்கள்.

வேலை நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டம் சொல்வது நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் கிழமைக்கு 12 மணித்தியாலம்தான் மேலதிகமாக வேலை வாங்கலாம், அதுவும் ஒன்றரை மடங்கு சம்பளத்தில். நமது கடைகளில் காலை எட்டரைக்கு வந்து இரவு ஏழரைக்குப் போகிற பிள்ளைக்கு, சாப்பாட்டு நேரம் ஒரு மணித்தியாலத்தைக் கழித்தாலும் பத்து மணித்தியாலம். ஆறு நாளைக்கு அறுபது. மாதச் சம்பளத்தை 240 ஆல் பிரித்தால் ஒரு மணித்தியாலம் 125 ரூபா, ஒன்றரை மடங்கு 187.50. கிழமைக்கு 15 மணித்தியாலம் என்றால் நான்கு கிழமைக்கு 11,250 ரூபா. பெரும்பாலான கடைகளில் இந்தக் காசு என்று ஒன்று இருப்பதாகவே யாரும் பேசுவதில்லை. நல்லூர்க் கொடியேறி முடியும்வரை இருபத்தைந்து நாளும், தீபாவளிக்கு முந்தின கிழமைகளிலும் இன்னும் மோசம். பரீட்சை முடிந்து பெறுபேற்றுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளை எடுத்து, கடைசி நாள் ஒரு உடுப்பும் கொஞ்சக் காசும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பதே குற்றம் என்பதையும் தாய் தகப்பன்மார் தெரிந்திருங்கள்.

நீண்ட காலம் நிற்கிறவர்களுக்குப் பணிக்கொடை இருக்கிறது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், கடைசிச் சம்பளத்தின் பாதியை வருட எண்ணிக்கையால் பெருக்கித் தரவேண்டும். 30,000 சம்பளத்தில் ஆறு வருடம் என்றால் 90,000 ரூபா. இதைத் தவிர்க்க நான்கே முக்கால் வருடத்தில் நிற்பாட்டிவிட்டு ஒரு மாதத்தால் புதுக்கடிதத்தில் எடுப்பது ஒரு வழி. ஒரே கடையை அண்ணன் பெயரில் பாதி, தம்பி பெயரில் பாதி என்று பதிந்து ஆள் எண்ணிக்கையைக் குறைப்பது இன்னொரு வழி. சிட்டையில் கடைப் பெயர் திடீரென்று மாறினால் ஏன் என்று கேளுங்கள். பழைய சிட்டைகளை எறியாதீர்கள்.

முறைப்பாடு கொடுப்பதற்குச் சட்டத்தரணி தேவையில்லை, காசும் தேவையில்லை. தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். கடையின் பெயர், விலாசம், என்ன வேலை, சேர்ந்த திகதி, விட்ட திகதி, பேசின சம்பளம், கிடைத்த சம்பளம், கட்டாத மாதங்கள். கோபத்தை எழுதாமல் திகதியையும் தொகையையும் எழுதுங்கள். கொடுக்கிற முறைப்பாட்டின் ஒரு பிரதியில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் இன்னும் பலம், ஒருவருக்கொருவர் சாட்சியாகவும் இருக்கலாம். திணைக்களம் முதலாளியைப் பதிவேடுகளோடு கூப்பிடும். கட்ட மறுத்தால் நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிட வழி உண்டு. உங்களை வேலையால் நிற்பாட்டினதுதான் பிரச்சினை என்றால் தொழில் நியாய மன்றுக்குப் போகவேண்டும், அதற்கு நிற்பாட்டின நாளிலிருந்து ஆறு மாதம்தான் தவணை. "பேசித் தீர்ப்பம், பேசித் தீர்ப்பம்" என்று அந்த ஆறு மாதத்தையும் கடத்துகிறவர்கள் நிறைய.

முறைப்பாடு போய்ச் சேர்ந்ததும் யாராவது வீட்டுக்கு வருவார்கள். சொந்தக்காரர், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், முந்தி படிப்பித்த வாத்தியார். "ஊருக்குள்ள எதுக்குப் பிரச்சினை, பாதியை வாங்கிக்கொண்டு விடு தங்கச்சி" என்பார்கள். பின்னேரம் ஒரு கவரில் காசும், எல்லாம் கிடைத்துவிட்டது என்று எழுதின ஒரு கடதாசியும் வரும். அதில் கையெழுத்து வைக்காதீர்கள். ஈபிஎப் கையில் தருகிற காசு இல்லை, உங்கள் கணக்கில்தான் விழவேண்டும். சம்பளப் பாக்கியோ மேலதிக நேரக் காசோ தர விரும்பினால், தொழில் அலுவலகத்தில் அலுவலருக்கு முன்னால், எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டு, வந்த நாளையும் சொன்னதையும் அந்தக் கொப்பியில் எழுதி வையுங்கள்.