கார்பன் கிரெடிட்: விற்பதா, வைத்துக்கொள்வதா?

ஒரு டன் கரியமில வாயு உமிழ்வைக் குறைத்ததற்கான சான்றுதான் கார்பன் கிரெடிட். அப்படிக் குறைத்த உமிழ்வை வளரும் நாடு வெளிநாட்டுக்கு விற்கலாம். இல்லையென்றால் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தில் தான் ஏற்ற இலக்குக்கே வைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய கியோட்டோ ஒப்பந்தக் காலத்தில் இந்தக் குழப்பமே இல்லை. அப்போது வளரும் நாடுகளுக்குக் கட்டாய இலக்கு கிடையாது, விற்றால் லாபம்தான். 2015 பாரிஸ் ஒப்பந்தம் கணக்கை மாற்றிவிட்டது: வளரும் நாடுகளுக்கும் சொந்த இலக்கு வந்துவிட்டது.

பாங்காக் மின்பேருந்துகளைப் பாருங்கள். அவை மிச்சப்படுத்திய 1,916 டன் உமிழ்வு, கிரெடிட்டாக சுவிட்சர்லாந்துக்கு விற்கப்பட்டது. பேருந்து ஓடுவது தாய்லாந்தில், குறைப்பு சேர்வது சுவிஸ் கணக்கில். ஒரே டன்னை இருவர் காட்டக்கூடாது என்பதால், தாய்லாந்து தன் உமிழ்வுக் கணக்கில் அதைத் திரும்பக் கூட்டியாக வேண்டும்.

வைத்துக்கொண்டால் இலக்கு பத்திரம், ஆனால் செலவு சொந்தப் பையிலிருந்து. என்னைக் கேட்டால், எல்.ஈ.டி. விளக்கு மாதிரி மலிவான குறைப்புகளை விற்கவே கூடாது. விற்றுவிட்டால், அப்புறம் இலக்கை எட்ட சிமென்ட், எஃகு ஆலைகளில் கைவைக்க வேண்டிவரும்; அங்கே ஒவ்வொரு டன்னும் செலவு பிடிக்கும். வெளிப்பணம் இல்லாமல் நடக்கவே நடக்காத திட்டமா? சரி, விற்கலாம்.