வீட்டுல பார்த்த மூணு படம், என் கருத்து

மெய்யழகன் தியேட்டர்ல மிஸ் பண்ணிட்டு நெட்ஃபிளிக்ஸ்ல தான் பார்த்தேன். ஸ்லோன்னு நிறைய பேர் சொன்னாங்க, எனக்கு அப்படி தோணவே இல்ல, அந்த நிதானம் தான் படமே. கல்யாண மேடையில அரவிந்த்சாமி தங்கச்சிக்கு ஒவ்வொரு நகையா எடுத்துக் குடுக்க அந்தப் பொண்ணு அங்கேயே போட்டுக்கும் பாருங்க, அந்த சீன்ல எங்கம்மா அழுதே அழுதுட்டாங்க, நானும் தான். சொந்த ஊர விட்டு வந்தவங்களுக்கு இந்தப் படம் வேற மாதிரி இறங்கும். கார்த்தி பேசிக்கிட்டே இருக்காருன்னு சிலருக்கு கடுப்பாகலாம், ஆனா அந்த வெள்ளந்தி மனசு பேசித்தான தீரும்? கோவிந்த் வசந்தா மியூசிக் பத்தி தனியா சொல்லணுமா என்ன.

லப்பர் பந்து குடும்பத்தோட பாருங்க. மாமனார் மருமகன் ஈகோ சண்டைய கிரிக்கெட்ல வெச்சு, சாதியையும் கிளாஸ் எடுக்காம பேசிருக்காங்க. 'நீ பொட்டு வெச்ச' பாட்டோட அட்டகத்தி தினேஷ் பேட்ட தூக்கிட்டு வரும்போது விசில் அடிக்கத் தோணுது! ஸ்வாசிகா வர்ற சீன் எல்லாமே சூப்பர், ஹரிஷ் கல்யாணும் நல்லா பண்ணிருக்காரு.

மகாராஜா செம திரைக்கதை, விஜய் சேதுபதிக்கு 50-வது படம். ஆனா குழந்தைங்க தூங்கினப்புறம் பாருங்க, வன்முறை ஜாஸ்தி, நடுவுல போன நோண்டாதீங்க, முன்ன பின்ன மாத்தி கதை சொல்றதால ஒரு சீன் விட்டாலும் கடைசி புரியாது.