ஃபோனிக்ஸ் விளையாட்டுகள்: குழந்தையை வாய்விட்டுப் படிக்கவைப்பது எது?

நாலைந்து வயதுக் குழந்தைக்கு ஃபோனிக்ஸ் முறையில், அதாவது எழுத்துகளின் ஒலிகளைக் கூட்டிப் படிக்கும் முறையில், ஆங்கில வாசிப்பைத் தொடங்கிவைக்க ஆப் தேடினால் கணக்கில்லாமல் வந்து விழுகின்றன. நான் முதலில் கவனிப்பது அதில் பேசும் குரலைத்தான். ‘கேட்’ (cat, பூனை) என்ற சொல்லில் மூன்று ஒலிகள்: ‘க்’, ‘ஏ’, ‘ட்’. ஆப்பின் குரல் மெய்யோடு ஓர் அகரத்தை ஒட்டி ‘க’, ‘ஏ’, ‘ட’ என்று சொல்லிக்கொடுத்தால், குழந்தை எழுத்துக்கூட்டும்போது ‘கஏட’ என்றுதான் வரும். அதற்குத் தெரிந்த பூனை அங்கே கிடைக்காது. படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஆப்பை அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது எழுத்துகளின் வரிசை. பல ஃபோனிக்ஸ் பாடத்திட்டங்கள் எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) என்ற ஆறு எழுத்துகளில் தொடங்குகின்றன. இவற்றை வைத்தே ‘டேப்’, ‘பின்’, ‘டின்’, ‘சிட்’ (tap, pin, tin, sit) என்று நிறையச் சொற்களைப் படித்துவிடலாம். ஏ, பி, சி, டி (a, b, c, d) என்று அகரவரிசையில் போகும் விளையாட்டு, சொல்லுக்கே வராமல் எழுத்திலேயே நின்றுகொண்டிருக்கும்.

நல்ல விளையாட்டுகளில் உண்மையான போட்டி என்றால் ‘டீச் யுவர் மான்ஸ்டர் டு ரீட்’, ‘கிராஃபோகேம்’ இரண்டுக்கும்தான். முன்னது பிரிட்டனின் அஸ்போர்ன் அறக்கட்டளை உருவாக்கியது. குழந்தை தனக்கென்று ஒரு குட்டி அரக்கனை வடிவமைத்துக்கொண்டு, உடைந்து விழுந்த விண்கலத்தைச் சரிசெய்யப் புறப்படுகிறது. வழியெல்லாம் சின்னச் சின்ன ஒலி விளையாட்டுகள். எழுத்தொலியில் தொடங்கிச் சொல், வாக்கியம் என்று ஏறுகிறது. கதை இழுத்துக்கொண்டே போவதால் சலிப்பு தட்டாது. ஆனால் அரக்கனை அலங்கரிப்பதிலும் இடம்விட்டு இடம் நடத்திச் செல்வதிலும் கணிசமான நேரம் கரைகிறது. படிப்பு நடக்கும் நிமிடங்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

கிராஃபோகேமில் அலங்காரம் குறைவு. ஃபின்லாந்தின் யுவஸ்குலா பல்கலைக்கழகத்தில் ஹெய்க்கி லூட்டினன் குழுவினர் டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு குறித்து நடத்திய ஆய்வுகளிலிருந்து பிறந்தது இது. ஓர் ஒலி கேட்கும். மேலிருந்து எழுத்துகள் இறங்கும். பொருந்துவதைத் தொட வேண்டும். தடுமாறினால் அதற்கேற்ப அடுத்த சுற்று மாறுகிறது. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் இந்தப் பயிற்சி, எழுத்தைப் பார்த்ததும் ஒலி நினைவுக்கு வராத குழந்தைகளுக்கு மிகவும் தேவை.

ஃபின்னிஷ் மொழியில் ஏறக்குறைய ஓர் எழுத்துக்கு ஓர் ஒலிதான். அதனால் அங்கே இந்த விளையாட்டு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆங்கிலத்திலோ ‘கேட்’, ‘கேக்’, ‘கால்’, ‘கார்’ (cat, cake, call, car) நான்கிலும் ஏ (a) என்ற ஒரே எழுத்து வெவ்வேறாக ஒலிக்கிறது. இதைச் சமாளிக்கத்தான் கேம்பிரிட்ஜில் ஆய்வாளர் உஷா கோஸ்வாமி துணையோடு வந்த ஆங்கில வடிவம் ‘கேட்’, ‘ஹேட்’ (cat, hat) போன்ற ஒத்த முடிவுள்ள சொற்களைச் சேர்த்துக் கற்பிக்கிறது. அதை இங்கிலாந்துப் பள்ளிகளில் சுமார் 400 பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான வகுப்பைவிடக் கூடுதல் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை.

இதை மட்டும் பார்த்துவிட்டு கிராஃபோகேமைத் தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து. கிராஃபோகேம் பற்றிய 28 ஆய்வுகளைத் திரட்டி அலசிய நார்வே நாட்டு ஆய்வாளர்களும் சொல் வாசிப்பில் மொத்தப் பலன் கிட்டத்தட்டச் சுழியம் என்றுதான் கண்டார்கள். ஆனால் பெரியவர்கள் கூடவே இருந்து பேசி, கேட்டு, ஊக்கப்படுத்திய ஆய்வுகளில் பலன் தெளிவாகத் தெரிந்தது. விளையாட்டு அதேதான், பக்கத்தில் ஓர் ஆள் இருந்ததுதான் வித்தியாசம்.

காரணம் புரியாததல்ல. திரையில் மூன்று எழுத்துகள் இருந்தால், ஒலியே கேட்காமல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கூட ஒரு குழந்தை வென்றுவிடும். அதன் விரலைக் கவனியுங்கள். ஒலி முடிவதற்கு முன்பே விரல் திரையில் இறங்கினால் அது ஊகம். உதடு அசைந்து, கொஞ்சம் தயங்கி, பிறகு தொட்டால் படிப்பு நடக்கிறது. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் ஆப் எதையும் நான் பார்த்ததில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

‘கான் அகாடமி கிட்ஸ்’, ‘டுவோலிங்கோ ஏபிசி’ இரண்டும் இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை. முன்னதில் எண்கள், கதைகள், ஓவியம் எல்லாம் கலந்திருப்பதால் குழந்தை ஃபோனிக்ஸை விட்டு எளிதில் நழுவிவிடும். பின்னது குட்டிக் குட்டிப் பாடங்கள். எழுத்தை விரலால் வரையவும் வைக்கிறது. இரண்டையுமே நான் துணைக்கு வைத்துக்கொள்வேன், முதன்மையாக அல்ல. ஆங்கிலம் அல்லாத மொழிகளுக்கு ‘ஃபீட் தி மான்ஸ்டர்’ உண்டு. சிரியக் குழந்தைகளுக்கு அரபி கற்பிக்க உருவாகி, பின்பு பல மொழிகளுக்குப் பரவிய ஆப் அது.

கதை இருந்தால்தான் உட்காருவேன் என்கிற குழந்தைக்கு ‘டீச் யுவர் மான்ஸ்டர் டு ரீட்’. எழுத்தும் ஒலியும் ஒட்டாமல் திணறும் குழந்தைக்கு கிராஃபோகேம். எதுவானாலும், ஒரு லெவல் முடிந்ததும் அதே எழுத்துகளைக் கொண்டு, விளையாட்டில் வராத நான்கு சொற்களைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டால் அடுத்த லெவலுக்குப் போகட்டும். திணறினால், திரையில் எத்தனை நட்சத்திரம் மின்னினாலும் அதே லெவலை இன்னொரு முறை ஆடட்டும். இந்த முறை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒலியை வாய்விட்டுச் சொன்ன பிறகே தொட வேண்டும் என்ற ஒரே விதியோடு.