வெருலம் செம்மணலில் தோட்டம்: போட்டதில் எது நின்றது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து ஊர் வெருலம்; டர்பன் கடற்கரை மேட்டில் ஓடும் பெரியா (Berea) செம்மணல்தான் எங்கள் வீட்டுக்குப் பின்னாலும். நிறத்தைப் பார்த்தால் நல்ல வளமான செம்மண் என்று தோன்றும். கண்ணாடிப் போத்தலில் கால்வாசி மண் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும், அத்தனையும் மணல். மேலே மெல்லிசாகக் களி தங்க மறுநாள் ஆகும். சிவப்பு, மணலில் ஒட்டியிருக்கும் இரும்புத் துருவின் நிறம்.

இங்கே எல்லோரும் முதலில் வாங்குவது 2:3:2 உரம், அதாவது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் அந்த விகிதத்தில் கலந்த ரசாயன உரம். நட்டதும் செடி துள்ளி எழும், அதை மறுக்க முடியாது. ஆனால் வருடத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் மார்ச் வரை கொட்டும் ஊர் இது. நைட்ரஜன் தண்ணீரோடு கீழே இறங்கிவிடுகிறது. பாஸ்பரஸில் ஒரு பகுதியை அந்த இரும்பே பிடித்துக்கொள்கிறது. ஜனவரி அடைமழைக்குப் பிறகு அவரைக்கொடி வெளுத்துப்போய் நிற்கும். உரத்துக்கே செலவழித்துக்கொண்டிருப்பதில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை.

புளிப்பு மண் (அமிலத் தன்மை உள்ள மண்) என்பது மாகாண வேளாண் துறையின் செடாரா ஆய்வுக்கூடத்தில் மண்ணைப் பார்த்தபோது தெரிந்தது. அவர்கள் சொன்ன அளவில் டாலமைட் சுண்ணாம்பைக் கிளறிவிட்டேன். பலன் தெரியச் சில மாதம் ஆகும், பொறுக்க வேண்டும். எருவோடு சேர்த்துப் போடாதீர்கள்; எருவின் நைட்ரஜன் ஆவியாகிப் போய்விடும். கறிவேப்பிலைக்கு லேசான புளிப்பு பிடிக்கும் என்பதால் அந்தப் பக்கம் சுண்ணாம்பு போவதே இல்லை.

உண்மையில் மண்ணை மாற்றியது கரும்புச் சோகைதான், அதாவது கரும்பின் காய்ந்த தோகை. இங்கே பெரும்பாலும் கரும்பைக் கொளுத்திவிட்டுத்தான் வெட்டுகிறார்கள், அதனால் பச்சையாக வெட்டும் வயல் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு சாண் உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் போதும். மண்ணுக்குள் புதைத்தால் மக்குவதற்கு அதுவே நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். நல்ல உச்சிவெயிலில் சோகையை விலக்கி விரலை விட்டுப் பார்த்தேன்: ஈரம், கறுப்பு நிறம், வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை, நாலைந்து மண்புழு. மூடாத பாத்தியில் அதே நேரம் மண் சுட்டது, ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் உருண்டு ஓடியது.

அதன் அடியில் வீட்டுக் கம்போஸ்ட். காய்கறித் தோல், டீத்தூள், கோழி எரு எல்லாம் மக்கியது. இந்தச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது சீக்கிரம் கரைந்துவிடும், அதனால் மழைக்கு முன் ஒரு தடவை, குளிர்காலப் பயிருக்கு முன் ஒரு தடவை என்று வருடாவருடம் போட்டே ஆக வேண்டும். ஒரு முறை போட்டுவிட்டு மண் தேறிவிட்டது என்று விட்டால் மறுபடி மணல்தான்.

தீராத தொல்லை ஒன்று உண்டு: வேர்முடிச்சு நூற்புழு. மணல் மண் அதற்கு ரொம்பத் தோது. கத்தரியைப் பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கும். கம்போஸ்ட் சேரச் சேரக் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. கத்தரி, தக்காளி எடுத்த பாத்தியில் அடுத்து துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக விதைக்கிறேன். பூ கோவிலுக்குப் போகிறது, செடியை அங்கேயே வெட்டிப் போட்டு மேலே சோகை மூடிவிடுகிறேன்.