ஜெனெட் மெக்கர்டி புத்தகம்: கள்ள அச்சுப் பிரதி விற்கிறார்கள், கவனம்

ஜெனெட் மெக்கர்டி தன் வாழ்க்கையை எழுதிய ‘ஐ’ம் கிளாட் மை மாம் டைட்’ (என் அம்மா இறந்ததில் எனக்கு மகிழ்ச்சி) புத்தகத்தை இணையக் கடையில் மலிவாகப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்று இருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் வாசிப்பு வட்டத்துக்காக ஒரு பெரிய இணையச் சந்தையில் வாங்கிய பிரதிகள் அத்தனையும் கள்ள அச்சு. புகார் சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றி வந்ததும் கள்ள அச்சுதான்.

புத்தகத்தைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். ஜெனெட் மெக்கர்டி அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகை. நிக்கலோடியன் என்ற சிறுவர் சேனலில் 2007 முதல் 2012 வரை ஓடிய ‘ஐகார்லி’ தொடரில் சாம் பக்கெட்டாக நடித்தவர். அதன் பிறகு ‘சாம் அண்ட் கேட்’. ஆறு வயதில் அவரை நடிக்க அனுப்பியது அம்மாவின் ஆசை. நடிகை ஆக முடியாமல் போன அந்த அம்மா மகளை வைத்து அதை வாழ்ந்து பார்த்தார். பதினொரு வயதுப் பெண்ணுக்கு உடம்பு வளராமல் இருக்க உணவைக் குறைக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அங்கிருந்து தொடங்கிய உணவுக் கோளாறு பல வருடம் ஜெனெட்டை விடவில்லை. அம்மா 2013இல் புற்றுநோயால் இறந்தார். புத்தகம் 2022 ஆகஸ்டில் வந்தது. வந்த வேகத்தில் அமெரிக்கக் கடைகளில் தீர்ந்துபோய், பல வாரங்கள் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் இருந்தது.

இப்படிக் கேட்டுக் கேட்டு வாங்கும் புத்தகங்களைத்தான் கள்ள அச்சுக்காரர்கள் முதலில் குறிவைக்கிறார்கள்.

நாங்கள் பார்த்த விற்பனைப் பக்கத்தில் அசல் அட்டைப் படம், அசல் பதிப்பாளர் பெயர், ‘கெட்டி அட்டை’ என்ற குறிப்பு எல்லாம் இருந்தது. விலை 280 ரூபாய். சலுகை விலை என்று போட்டிருந்தார்கள். கைக்கு வந்தது மெல்லிய அட்டை போட்ட பிரதி. அட்டையின் இளஞ்சிவப்பு வெளிறி, எழுத்தின் ஓரங்கள் மங்கலாக இருந்தன. தாளைத் தூக்கிப் பிடித்தால் பின்பக்க எழுத்து தெரிகிறது. சில பக்கங்கள் சாய்வாக ஸ்கேன் ஆகி, வரியின் கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டிருந்தன. இரண்டு தடவை விரித்ததும் முதுகுப் பசை விட்டுவிட்டது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டு படித்துவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். எங்கள் வட்டத்திலும் ஒரு அக்கா அப்படித்தான் சொன்னார். ஆனால் பிற்பகுதியில் ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம், இல்லவே இல்லை. அந்த இடத்தில் முந்தைய ஃபாரமே இன்னொரு முறை சேர்ந்திருந்தது. அமெரிக்காவிலிருந்து ஒருவர் கொண்டுவந்திருந்த அசலோடு வைத்துப் பார்த்த பிறகுதான் என்ன விடுபட்டிருக்கிறது என்று தெரிந்தது. நிக்கலோடியனில் தனக்கு நடந்தவற்றை வெளியே பேசாமல் இருக்க மூன்று லட்சம் டாலர் தருவதாக அந்தச் சேனல் தரப்பில் சொன்னதையும், அது வாயை அடைக்கும் பணம் என்று தான் மறுத்ததையும் ஜெனெட் எழுதும் இடம் அதற்குள் இருந்தது. எனக்கு இதுதான் தாங்கவில்லை. பேசக் கூடாது என்று பணம் நீட்டியும் வாங்காமல் நின்ற ஒரு பெண்ணின் அந்தப் பக்கங்களே வாசகருக்குக் கிடைக்காமல் போகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் ஜெனெட்டுக்கு எழுத்தில்தான் ஆசை. அந்த ஆசையைக் கிள்ளி நடிப்பின் பக்கம் திருப்பியதும் அம்மாதான். கலிஃபோர்னியாவில் குழந்தை நட்சத்திரங்களின் வருமானத்தில் 15 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டுவைக்கச் சொல்லும் கூகன் சட்டம் இருக்கிறது. அதன் முதல் வடிவம் 1939இல் வந்தது. பணத்தில் ஒரு பங்கைக் காப்பாற்ற சட்டம் இருந்தது, அந்தக் குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கத்தான் ஆள் இல்லை. நடிப்பை விட்டு எழுத்துக்கு வந்து, தானே விரும்பிச் செய்த வேலை இந்தப் புத்தகம். ஒலிப்புத்தகத்தையும் அவரே வாசித்திருக்கிறார். கள்ளப் பிரதிக்கு நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு காசுகூட அவருக்குப் போவதில்லை.

அப்புறம், அதே சந்தையில் தேடினால் ‘சுருக்கம்’, ‘பயிற்சி ஏடு’ என்ற பெயரில் சின்னச் சின்னப் புத்தகங்களும் வரும். தலைப்பைப் பெரிதாகப் போட்டு, ‘சுருக்கம்’ என்பதைப் பொடி எழுத்தில் போடுகிறார்கள். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ. எங்களில் ஒருவருக்கு அப்படி ஒன்று வந்தது. அதில் இருந்த எதையும் இணையத்தில் இலவசமாகவே படித்துவிடலாம்.

வாடிக்கையாளர் சேவையில் பேசியபோது, “புத்தகம்தானே மேடம், படிக்க முடிகிறது இல்லையா?” என்று கேட்டார்கள். இந்த வகைப் பொருளுக்குப் பணம் திரும்பத் தரமாட்டோம், மாற்று மட்டும்தான் என்றார்கள். இந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளின்படி, பொருள் போலியாகவோ குறையுள்ளதாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் விற்பவர் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைக் கொடுக்கவோ மறுக்க முடியாது. ஒவ்வொரு இணையச் சந்தையும் ஒரு குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நாங்கள் சாட்டில் பேசுவதை விட்டுவிட்டு அந்த அதிகாரிக்கு மின்னஞ்சல் போட்டோம். அசலையும் போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படங்களை இணைத்து, விதியையும் எழுதினோம். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தோம். அதன் பிறகுதான் பணம் வந்தது. வராமல் போயிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்போம். இப்போது நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

பதிப்பாளரின் இந்தியக் கிளைக்கும் எழுதிவிடுங்கள். பணம் திரும்பி வந்துவிட்டால் நம் பிரச்சினை தீரும், விற்பனை நிற்காது. பதிப்புரிமைச் சட்டம் 63ஆவது பிரிவில் இதற்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கின்றன. அதைக் கையில் எடுக்க உரிமை வைத்திருப்பவர்களுக்குத்தான் வலு அதிகம்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது முக்கியமாக விற்பவர் யார் என்பதை. சந்தையின் பெயர் பெரியதாக இருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது, அங்கே யார் வேண்டுமானாலும் கடை போடலாம். விற்பவரின் பெயரைத் தொட்டால் முகவரி வரும். துணி, செல்போன் உறை, புத்தகம் எல்லாம் ஒரே ஆள் விற்கிறார் என்றால் யோசியுங்கள். நட்சத்திரங்களைப் பார்க்காமல் ஒரு நட்சத்திர விமர்சனங்களில் வாசகர்கள் போட்டிருக்கும் படங்களைப் பாருங்கள், உண்மையான பிரதி அங்கேதான் தெரியும். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். உள்ளே பதிப்பு விவரப் பக்கத்தில் இருக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணும் (ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகக் கொடுக்கும் அடையாள எண்) பின்னட்டை எண்ணும் ஒன்றுதானா, அது கெட்டி அட்டைப் பதிப்பின் எண்தானா என்று பதிப்பாளர் தளத்தில் சரிபாருங்கள். எங்களுக்கு வந்ததில் கெட்டி அட்டையின் எண்ணை மெல்லிய அட்டையில் போட்டிருந்தார்கள். அதையும் புகாரில் எழுதியது உதவியது.

எங்களுக்கு விற்றவரின் பக்கம் இப்போது இல்லை. ஆனால் அதே முகவரியில், வேறு கடைப் பெயரில், அதே அட்டைப் படத்தோடு புத்தகம் மறுபடியும் வந்திருக்கிறது. இந்தத் தடவை விலை 320 ரூபாய்.