இரண்டு வாரமும் சேர்த்தா, ஒன்றை மிச்சம் வைத்தா?

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் 18 வயது நிறையாத பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு 2 வாரத் துக்க விடுப்பு சட்டப்படி உண்டு. 2020 ஏப்ரல் 6 முதல் நடப்பில் இருக்கிறது. 24 வாரக் கர்ப்பத்துக்குப் பின் குழந்தை இறந்து பிறந்தாலும் பொருந்தும். (அந்தத் தாய்க்கு 52 வார மகப்பேறு விடுப்பும் உண்டு. எனவே அந்த நிலையில் மேலே உள்ள கேள்வி பெரும்பாலும் அப்பாக்களுடையது.)

சேர்த்தே எடுத்தால், அடக்கம், பதிவு, உறவினர் வருகை எல்லாம் முடியும்வரை அலுவலகத்தை நினைக்க வேண்டாம். முதல் 56 நாளுக்குள் என்றால் முன்னறிவிப்பும் தேவையில்லை, அன்று காலை வேலை தொடங்கும் நேரத்துக்கு முன் சொன்னால் போதும். ஆனால் திரும்பிய பிறகு இந்தக் கணக்கில் ஒன்றும் மிஞ்சாது.

பிரித்து எடுத்தால், முதல் வாரம் இப்போது, அடுத்தது பிறகு. நாள் நாளாக உடைக்க முடியாது, முழு வாரமாகத்தான். இறந்த நாளிலிருந்து 56 வாரம்வரை அவகாசம் இருப்பதால் பிள்ளையின் பிறந்தநாளும் முதலாம் ஆண்டு நினைவுநாளும் அதற்குள் வந்துவிடும். 56 நாள் தாண்டிவிட்டால் ஒரு வாரம் முன்பே சொல்ல வேண்டும்.

நிறுவனம் வேறு விடுப்பு தருமென்றால் நான் பிரிப்பதையே சொல்வேன். வேலைக்குத் திரும்பி மூன்றாம் மாதம், எல்லோரும் விசாரிப்பதை நிறுத்திய பிறகுதான் பலருக்குக் கால் தளர்கிறது. வேறு விடுப்பே இல்லாதவர், தயவுசெய்து, இரண்டையும் இப்போதே எடுங்கள்.